ஆகோள், பாதீடு, பப்ஜி: மூப்படையும் கைகள் பற்றிச் சில குறிப்புகள்

துப்பாக்கிச் சுடும் ஆன்லைன் விளையாட்டுகளைப் பற்றி நம்மிடையே நடக்கிற பேச்சில் ஆடுகிறவன் எப்போதும் சிறுவனாகவே இருக்கிறான். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்பது ஒரு தரப்பு. தடைசெய்துவிட்டால் சரியாகிவிடும் என்பது இன்னொரு தரப்பு. விளையாடினால்தான் என்ன, மூளை வளரட்டுமே என்று மூன்றாவதாகவும் ஒரு தரப்பு உண்டு. மூன்று தரப்பும் சொல்லாமலே ஒப்புக்கொள்கிற விஷயம் ஒன்றிருக்கிறது: இந்த விளையாட்டை ஆடும் உடலுக்கு வயசு ஏறுவதில்லை என்பது. ஆனால் ஏறுகிறது. 2018இல் பப்ஜி மொபைல் கைபேசிகளுக்குள் வந்து இறங்கியபோது இருபத்தெட்டு வயசாக இருந்தவன் இன்றைக்கு முப்பத்தைந்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறான். அவன் ஆட்டத்தை விடவுமில்லை, ஆட்டம் அவனுக்காக நிற்கவுமில்லை. எதிரி சுவருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டுவதை அவன் பார்த்துவிடுகிறான். பார்த்ததற்கும் விரல் போனதற்கும் நடுவில் ஏதோ ஒன்று நுழைந்துவிடுகிறது. அந்தச் சந்தில் செத்துப்போகிறான். "பாத்துட்டேன்டா, கை போகல" என்று ஹெட்செட்டில் சொல்கிறான். மறுமுனையில் பதினேழு வயசுப் பையன் சிரிக்கிறான்.

இந்தச் சந்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கை மெதுவாகிப்போவதை உடம்பின் விதி என்று சொல்லி முடித்துவிடலாம். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் மெதுவான கையை ஒரு சமூகம் எங்கே உட்காரவைக்கிறது, அதற்கு என்ன பங்கு கொடுக்கிறது என்பது உடம்பின் விதியில் எழுதப்பட்டிருக்கவில்லை. அது ஆட்டத்தின் விதியில் எழுதப்படுகிறது. ஆட்டத்தின் விதியை எழுதுகிறவர்கள் காலந்தோறும் மாறியிருக்கிறார்கள். இந்த மாற்றத்தை ஜெயமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு பார்க்க முடியுமா என்பதுதான் இங்கே என் முயற்சி. நானும் அந்த வயசுக்காரன்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜெயமங்கலம் பெரியகுளம் தாலுகாவில் வராக நதிக்கரை ஊர். பக்கத்தில் மேல்மங்கலம், வடுகபட்டி. கொஞ்சம் தள்ளினால் வைகை அணை. நெல், வாழை, தென்னை. மங்கலம் என்று முடிகிற ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் பழைய பிரமதேயங்களின் எச்சம் என்பது கல்வெட்டுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அதன் முன்னால் ஜெயம் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊரிலிருந்து தோல்வியைப் பற்றி எழுதுகிறேன் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். இங்கே ராத்திரி ஒன்பதரைக்கு மேல் கைபேசியோடு உட்காருகிற முப்பது தாண்டிய ஆண்கள் யார்? வாழைத்தார் வெட்டிச் சுமக்கிறவன், தேங்காய் உரிக்கிறவன், வடுகபட்டிப் பூண்டுக் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவன், மினி வேன் ஓட்டுகிறவன், மில் ஷிப்ட் முடித்து வந்தவன். விடிகாலை நாலரைக்கு எழுந்திருக்க வேண்டியவர்கள். அவர்களோடு மோதுகிற பையன் எங்கே இருக்கிறான், எத்தனை மணிக்கு எழுந்தான் என்பதைத் திரை காட்டுவதில்லை. அவன் பெயரும் புள்ளியும் மட்டும் தெரிகின்றன.

*

வைகை அணையைத் தாண்டி ஆற்றோடு கீழே போனால் புலிமான்கோம்பை. 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினர் இங்கே தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். கி.மு. 4ஆம், 3ஆம் நூற்றாண்டுகள் என்று அவற்றுக்குக் காலம் சொல்கிறார்கள். நமக்குக் கிடைத்திருக்கிற நடுகல் எழுத்துகளில் இவையே மிகப் பழையவை என்ற பெருமை ஒருபக்கம் இருக்கட்டும். அதில் ஒரு கல், கூடலூரில் நடந்த ஆகோளில் செத்த அந்தவன் என்பவனுக்கு எடுத்தது. ஆகோள் என்றால் மாடு பிடித்துக்கொண்டு போவது. கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இன்றைக்கும் ஒரு கூடலூர் இருக்கிறது.

கல்லில் இருப்பது பெயர், ஊர், செத்த விதம். வயசு இல்லை. ஆனாலும் நடுகல் என்கிற நினைவுமுறை யாரைத் தேர்ந்தெடுக்கிறது என்று பார்த்தால் வயசு தானாக வந்துவிடுகிறது. ஆகோளில் செத்தவனுக்குத்தான் கல். அதே ஆகோளில் பிழைத்து வந்து, இன்னும் நாற்பது வருஷம் இருந்து, பல்லுப்போய்ச் செத்தவனுக்குக் கல் கிடையாது. வீரயுகம் என்று நம் ஆசிரியர்கள் வகுப்பில் சொன்ன அந்தக் காலம் தன் வீரனை உச்சத்திலேயே உறையவைத்துவிடுகிறது. இந்த அளவுக்கு நடுகல்லும் கொலைக்கணக்குப் பலகையும் ஒரே சாதிதான்.

ஆனால் கல்லை விட்டு இலக்கணத்துக்கு வந்தால் காட்சி மாறுகிறது. தொல்காப்பியம் இதே ஆகோள் என்ற சொல்லை வெட்சித் திணையின் துறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆகோள் அந்த வரிசையில் ஒரு கண்ணிதான். பிற்காலத்து ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை இதை இன்னும் விரிக்கிறது. கிளம்புவதற்கு முன் விரிச்சி, அதாவது நற்சொல் கேட்டு நிற்பது. வேய் என்பது ஒற்றர் போய் எதிரியின் நிலை அறிந்து வருவது. மாட்டைப் பிடித்தபின் அதை நோகாமல் ஓட்டிவருவதற்கு ஒரு துறை, துடி கொட்டுகிறவனின் குடிச்சிறப்புக்கு ஒரு துறை. இத்தனையும் முடிந்து ஊர் திரும்பினபிறகு வருகிறது பாதீடு. கொண்டுவந்த மாட்டை அவரவர் செய்த காரியத்துக்குத் தக்கபடி பங்கு வைப்பது. இதற்கும் பிறகு இரண்டு துறைகள். ஒற்றுச் சொன்னவனுக்குத் தனியாக மிகுத்துக் கொடுப்பதற்குப் புலனறி சிறப்பு என்று பெயர். புள் நிமித்தம் பொய்க்காமல் சொன்னவனுக்குரிய பங்கு பிள்ளை வழக்கு.

எம்.ஏ. படிக்கும்போது மனப்பாடம் செய்து மறந்துபோன இந்தத் துறைப்பெயர்களை இப்போது திரும்ப வாசிக்கையில் என் கண்ணில் படுவது வேலைப்பிரிவினை. வில்லை முதலில் வளைத்தவன் ஒருவன். அவனைத் தவிரவும் ஆகோளில் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பங்கும் இருக்கிறது. நிமித்தம் பார்ப்பதற்குக் கைவேகம் வேண்டாம், பறவையை நாற்பது வருஷம் பார்த்த கண் வேண்டும். முல்லைப்பாட்டில் விரிச்சி கேட்டு நிற்கிறவர்கள் வயதான பெண்கள். கூர்மையான காது, பொறுமை, பாதை தெரிந்த கால் என்று கையைத் தவிர மற்ற உறுப்புகளுக்கும் வெட்சியில் சோலி இருந்தது.

இதைச் சொன்ன உடனே பொற்காலப் பெருமைக்குள் விழுந்துவிடும் ஆபத்து இருக்கிறது. பாதீடு என்பது திருடின மாட்டைப் பங்குபோடுவது. மாட்டைப் பறிகொடுத்தவன் பக்கத்துக்கு இலக்கணம் கரந்தை என்று வேறு பூ சூட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. துடி கொட்டினவனுக்குப் புகழ் மட்டுமே உண்டா, மாட்டில் பங்கும் உண்டா என்பது துறைப்பெயரிலிருந்து தெரிவதில்லை. பிற்காலத்தில் அவன் சந்ததி எங்கே நிறுத்தப்பட்டது என்பது நமக்குத் தெரியும். நான் எடுத்துக்கொள்வது ஒரு சின்ன விஷயத்தை மட்டும். சண்டையை ஒரு கூட்டுக் காரியமாகப் பார்த்த பிரதியில் மெதுவான உடலுக்கு ஓர் இடம் தானாகக் கிடைத்தது.

மூப்பைப் பற்றிய சங்கப் பாட்டு என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது புறநானூற்றின் 243ஆவது பாட்டு. தொடித்தலை விழுத்தண்டினார் பாடியது. தடியூன்றி, இருமலுக்கு இடையில் சில சொல் பேசுகிற கிழவன் ஒருவன், சின்ன வயசில் மரக்கிளையிலிருந்து மடுவில் குதித்து அடிமணல் அள்ளிக் காட்டினதை நினைத்து ஏங்குகிறான். இந்தப் பாட்டை நிலையாமைக்கு உதாரணமாகவே சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். இரண்டு விஷயங்கள் அந்த வாசிப்பில் விடுபட்டுப் போகின்றன. முதலாவது, வீரத்தைப் பாடும் தொகைநூலுக்குள் வருகிற இந்தக் கிழவன் தான் வென்ற போரை நினைக்கவில்லை, ஆடின விளையாட்டை நினைக்கிறான். ஒருதரம் வேல் எறிந்திருப்பானோ என்னவோ, அது அவனுக்கு இழப்பாகத் தோன்றவில்லை. இரண்டாவது, பாட்டுக்குக் கொடுத்திருக்கிற துறை கையறுநிலை. யாராவது செத்தால் பாடுகிற துறை அது. இங்கே யாரும் சாகவில்லை. பழைய உடம்பு போயிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு ஒப்பாரித் துறையைக் கொடுத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு விளையாட்டு என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. கை அற்ற நிலை என்று பிரித்து வாசிக்கிற ஆசையை நான் அடக்கிக்கொள்ளப் போவதில்லை.

*

வேகத்தை நொடிக்கணக்கில் அளந்து ஒருத்தனை வெளியே அனுப்பியதன் முதல் பெரிய கதை விளையாட்டில் நடக்கவில்லை, வானத்தைப் பார்க்கிற இடத்தில் நடந்தது. 1796இல் இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வுக் கூடத்தில் நெவில் மாஸ்கலைன் தன் உதவியாளர் டேவிட் கின்னபுரூக்கை வேலையைவிட்டு நீக்கினார். தொலைநோக்கியின் குறுக்குக் கம்பியை நட்சத்திரம் கடக்கிற நேரத்தைக் குறிப்பது அவர் வேலை. அவர் குறித்ததற்கும் மாஸ்கலைன் குறித்ததற்கும் 0.8 நொடி வித்தியாசம் வந்தது. கின்னபுரூக் கிழவரில்லை, இருபதுகளில் இருந்த வாலிபர். யாருடைய கண் சரி என்ற கேள்வி அங்கே எழவில்லை, முதலாளியின் கண் சரி. பின்னாளில் பெஸ்ஸல் என்ற ஜெர்மன் வானியலாளர் இதை ஆராய்ந்து, பார்ப்பதற்கும் குறிப்பதற்கும் நடுவிலுள்ள இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும், எல்லோருக்கும் அது உண்டு, அவருக்கே உண்டு என்று காட்டினார். தவறு என்று கருதப்பட்டது மனிதக் குணம் ஆயிற்று. குணம் ஆனவுடன் அதை அளக்கலாம் என்றும் ஆயிற்று.

1884இல் லண்டனில் நடந்த ஒரு கண்காட்சியில் பிரான்சிஸ் கால்ட்டன் ஓர் அளவைக்கூடம் திறந்தார். மூன்று பென்னி கொடுத்தால் உயரம், எடை, பார்வைக் கூர்மை, குத்துவிடும் வேகம் எல்லாவற்றையும் அளந்து சீட்டில் எழுதித் தருவார்கள். ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் வரிசையில் நின்று அளந்துகொண்டார்கள். காசு கொடுத்துத் தன் புள்ளிகளை வாங்கிக்கொண்டு போகிற மனிதன் இங்கேதான் பிறக்கிறான் என்று சொன்னால் மிகையாகாது. கால்ட்டன் பின்னால் எதிர்வினை நேரத்தை அளக்கவும் ஒரு கருவி செய்தார். இதே கால்ட்டன்தான் 1892இல் கைரேகை பற்றிய புத்தகம் போட்டவர். மனித இனத்தைத் தரம்பிரித்துப் பெருக்கலாம் என்ற சித்தாந்தத்துக்குப் பெயர் வைத்தவரும் அவரே.

கைரேகை என்றதும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். 1911ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் பிரமலைக் கள்ளர்கள்மீது பாய்ந்தபோது உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ஜனங்கள் ரேகை வைக்க மறுத்துத் திரண்டார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதில் ஒரு டஜனுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். இதையும் கைபேசி விளையாட்டையும் ஒரே தட்டில் வைப்பது அபத்தம். அதை நான் செய்யவில்லை. உடலை அளந்து, பதிந்து, அட்டவணையில் ஏற்றுவது என்கிற அதிகாரம் இந்தப் பள்ளத்தாக்குக்குக் கைபேசியோடு புதுசாக வந்த சரக்கு இல்லை என்பதைச் சொல்கிறேன். அன்றைக்குக் கட்டைவிரலை வலுக்கட்டாயமாகப் பிடித்து மையில் அமுக்கினார்கள். இன்றைக்குக் கட்டைவிரலை நாமாகவே வைக்கிறோம். வலுக்கட்டாயத்துக்கும் ஆசைக்கும் உள்ள வித்தியாசம் பெரிது, அதை அழித்துவிட்டு எழுதுகிற கோட்பாட்டுக் கட்டுரைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

*

1993 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த டூம் நாலு பேர் ஒரே வலைப்பின்னலில் ஒருவரையொருவர் சுட வழிசெய்தது. 1996இல் குவேக் அதை இணையத்துக்குக் கொண்டுபோனது. இவற்றில் கையும் கண்ணும்தான் எல்லாம். வேய் இல்லை, விரிச்சி இல்லை, பாதீடு இல்லை. பார்த்தவன் சுடுவான், முந்தினவன் பிழைப்பான். 1999இல் வேறொரு விளையாட்டின் மேல் ஒட்டுவேலையாகச் செய்யப்பட்ட கவுன்டர் ஸ்ட்ரைக், அடுத்த வருஷம் வால்வ் நிறுவனத்தின் சரக்காகக் கடைக்கு வந்தது. அதில் ஐந்து பேர் ஒரு கட்சி. செத்தால் அந்தச் சுற்று முடியும்வரை உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். மேலோட்டமாகத் தெரிகிற இந்த விதி பெரிய காரியம் செய்தது. சாவுக்கு விலை வந்ததும் தகவலுக்கும் விலை வந்தது. யார் எங்கே நிற்கிறான் என்று காதால் கேட்டுச் சொல்கிறவன், எப்போது பாய்வது எப்போது பதுங்குவது என்று முடிவு செய்கிறவன் எல்லாம் உருவானார்கள். ஒற்றன் திரும்பி வந்தான் எனலாம்.

நம் ஊர்களுக்கு இது 2000களின் தொடக்கத்தில் பிரவுசிங் சென்டர் வழியாக வந்து சேர்ந்தது. பெரியகுளத்திலும் தேனியிலும் ஜாதகம் கணிக்கிற, ரிசல்ட் பார்க்கிற, விண்ணப்பம் நிரப்புகிற அதே கடைகளின் பின்வரிசையில் நாலைந்து மெஷின்களைக் கேபிளால் கோத்து வைத்திருப்பார்கள். மணிக்கணக்கில் வாடகை. அங்கே மோதினவர்கள் ஒரே அறையில் முதுகுக்கு முதுகு உட்கார்ந்திருந்தார்கள். செத்தவன் கத்துவது கொன்றவன் காதில் விழுந்தது. அந்த அறையில் வயசு ஒரு முறைப்பாடாக இருந்தது. காலேஜ் முடித்த அண்ணன் சீட்டை எழுந்து கொடுத்துவிட்டுப் பின்னால் நின்று சொல்லிக்கொடுப்பார். கட்சி பிரிப்பதும் அவர்தான், தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வதும் அவர்தான். சின்னப் பயல் வந்து அடம்பிடித்தால் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

ஒப்புக்குச் சப்பாணி என்பதை நம் விளையாட்டு மரபின் பெரிய கண்டுபிடிப்பாக நான் கருதுகிறேன். ஆடத் தெரியாதவனை, முடியாதவனை வெளியே நிறுத்தாமல், கணக்கில் சேர்க்காமல், ஆட்டத்துக்குள் வைத்துக்கொள்வது. பெயரில் இருக்கிற ஊனக் கேலியை நியாயப்படுத்த வரவில்லை. அந்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். அதில் ஒரு அவமானமும் இருந்தது, ஒரு அனுமதியும் இருந்தது. முக்கியமாக, சப்பாணி யார் என்று ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். சப்பாணிக்கும் தெரியும்.

இதே இடத்தைக் கணினிக் கணக்கு எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள். ஆர்பாட் ஈலோ சதுரங்கத்துக்காக வகுத்த தரவரிசை முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. எதிரியின் பலத்தை வைத்து உன் வெற்றி தோல்விக்குப் புள்ளி கூட்டிக் குறைக்கும் அந்தச் சிந்தனையின் வாரிசுகள்தான் இன்று சுடும் விளையாட்டுகளில் ஆளுக்கு ஆள் ஜோடி சேர்க்கின்றன. சதுரங்கத்தில் மூப்படைவது எப்படியிருக்கும் என்பதற்கு நம்மிடம் விஸ்வநாதன் ஆனந்த் இருக்கிறார். 2013இல் சென்னையிலேயே, நாற்பத்து மூன்று வயசில், கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். அப்புறமும் ஆடினார், அடுத்த தலைமுறைக்கு ஆசானாகவும் ஆனார். 2024 டிசம்பரில் பதினெட்டு வயசில் உலகச் சாம்பியனான குகேஷ் அவருடைய வழிகாட்டலில் வளர்ந்த பிள்ளைகளில் ஒருவர். புள்ளி குறைந்தாலும் ஆனந்தின் பெயர் குறையவில்லை, ஏனென்றால் அந்த ஆட்டத்துக்கு ஞாபகம் இருக்கிறது. அச்சிட்ட ஆட்டங்கள், குருமார், கழகங்கள் இருக்கின்றன.

கைபேசிச் சுடும் ஆட்டத்துக்கு ஞாபகம் ஒரு பருவத்துக்கு மட்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை சீசன் முடியும், தரம் கீழே இறக்கப்படும், மறுபடி ஏற வேண்டும். முப்பத்தைந்து வயசுக்காரன் கஷ்டப்பட்டு டைமண்ட் போனால் அது அறுவடை இல்லை, குத்தகை. தோற்கத் தொடங்கினால் இயந்திரம் அவனை மெல்ல எளிய எதிரிகளிடம் இறக்கிவிடும். கீழ்த் தரங்களில் நிரப்பப்படுகிற எதிரிகளில் பலபேர் மனிதர்களே கிடையாது, பாட் என்கிற பொம்மைகள். மனிதப் பெயரோடு வரும், நேர்கோட்டில் ஓடும், குறி தவறிச் சுடும். ஆட்டத்தில் பொம்மையைச் சுட்டு வீழ்த்திவிட்டு, 'இன்னைக்குக் கை நல்லா இருந்துச்சு' என்று தூங்கப்போகிறவன்தான் இன்றைய ஒப்புக்குச் சப்பாணி. பழைய சப்பாணிக்கும் இவனுக்கும் வித்தியாசம், இவனுக்கு யாரும் சொல்லவில்லை.

*

இனி அந்தச் சந்தை நெருங்கிப் பார்க்கலாம். 2014இல் கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாம்ப்சன், பிளேர், ஹென்ரி ஆகியோர் ஸ்டார்கிராப்ட் 2 ஆடுகிற 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். வயசு 16 முதல் 44 வரை. பார்த்ததற்கும் முதல் செயலுக்கும் இடைப்பட்ட நேரம் 24 வயசிலிருந்தே கூடத் தொடங்குகிறது என்பது அவர்கள் முடிவு. அது சுடும் ஆட்டமில்லை, படை நடத்தும் ஆட்டம், ஆனாலும் கையும் கண்ணும் அதே கையும் கண்ணும்தான். செய்தித்தாள்கள் இருபத்துநாலில் கிழம் என்று தலைப்புப் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டன. கட்டுரையின் மற்றொரு பாதியில், மூத்தவர்கள் எளிய உத்திகளைப் பிடித்தும், விசைகளைச் சிக்கனமாகப் பயன்படுத்தியும் தாக்குப்பிடித்தார்கள் என்று இருக்கிறது.

ஆக, உடம்பு மெதுவாவது உண்மை. ஆனால் ஜெயமங்கலத்துக்காரன் சாகிற சந்தில் அவன் உடம்பு மட்டும் நிற்பதில்லை. அறுபது ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை மாற்ற ஏறக்குறைய 16.7 மில்லிநொடி எடுக்கும். நூற்றிருபது ஹெர்ட்ஸ் திரை 8.3. எதிரி விலையுயர்ந்த கைபேசி வைத்திருந்தால் அவன் உலகம் இரண்டு மடங்கு நெருக்கமாகத் தைக்கப்பட்டிருக்கிறது. சென்னைவரை கண்ணாடி இழையில் வெளிச்சம் போய்வரச் சில மில்லிநொடிகளே ஆகும், தூரம் நம்மைக் கொல்வதில்லை. டவரில் நெரிசல், மழை நேரத்துச் சிக்னல், வீட்டில் இன்னொரு போனில் ஓடுகிற சீரியல், இவைதான் பிங்கை நூறுக்கும் இருநூறுக்கும் தூக்குகின்றன. தேங்காய் உரித்துக் காய்ப்பு ஏறின விரலைத் தொடுதிரை சிலசமயம் விரலாகவே மதிப்பதில்லை. விரலுக்கு மாட்டுகிற துணி உறை பெட்டிக்கடையில் கிடைக்கிறது. அதை மாட்டிக்கொண்டு ஆடுகிறவனைப் பார்க்கும்போது அறுவடைக்குப் போகிறவன் மாதிரி இருக்கும். அப்புறம் தூக்கம். நாலரை மணிக்கு எழுந்தவனின் ராத்திரி பத்தரை மணிக் கைக்கு எத்தனை வயசு? இதில் எவ்வளவு மூப்பு, எவ்வளவு வறுமை, எவ்வளவு உழைப்பு என்று பிரித்துச் சொல்கிற கருவி கால்ட்டனிடமும் இல்லை. ஆட்டம் அதைப் பிரிப்பதே இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கி, 'இது நீ' என்று காட்டுகிறது. அதிகாரம் என்று நாம் பேசிப்பேசிச் சலித்துப்போன வஸ்து இந்த இடத்தில் நுணுக்கமாக வேலை செய்கிறது: வர்க்கத்தால் மெதுவானவன் வயசால் மெதுவானேன் என்று நம்பிக்கொள்கிறான்.

அரசாங்கமும் தன் பங்குக்கு வயசாக்கியிருக்கிறது. கல்வான் மோதலை அடுத்து 2020 செப்டம்பர் 2ஆம் தேதி 118 செயலிகளோடு பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டது. 2021 ஜூலையில் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் திரும்ப வந்தது. ரத்தம் பச்சையாகியிருந்தது, கொலை 'பினிஷ்' ஆகியிருந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் போயிற்று. அதே வருஷம் ஜூலை கடைசியில் பேட்டில்கிரவுண்ட்ஸும் மறைந்தது, 2023 மே மாதம் மறுபடி வந்தது. ஒவ்வொரு இடைவெளியும் பத்து மாதம். பதினாறு வயசுப் பையனுக்குப் பத்து மாதம் என்றால் கை இன்னும் தேறி வருகிற காலம். முப்பத்திரண்டு வயசுக்காரனுக்கு அது கல்யாணம், குழந்தை, மகளிர் குழுக் கடன். ஒவ்வொரு தடைக்கும் ஒரு செட் ஆட்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள். திரும்பி வந்த ஆட்டத்தில் பதினெட்டு வயசுக்குக் கீழ் உள்ளவர்கள் நாளைக்கு மூன்று மணிநேரம்தான் ஆடலாம் என்று விதி இருந்தது. வயசு என்கிற விஷயம் விதிக்குள் வந்தது அந்த ஒரு முனையில் மட்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றின ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் மின்விளையாட்டைப் போட்டி விளையாட்டாக அங்கீகரிக்கிறது. முதுநிலையினர் பிரிவு என்று தடகளத்தில் இருப்பதுபோல ஒன்று இங்கே வருமா என்று கேட்டால் சிரிப்பார்கள்.

ஜப்பானில் யாரும் சிரிக்கவில்லை. அகிதா மாகாணத்தில் 2021இல் அறுபது வயசுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு வேலோரன்ட் ஆடுகிற மத்தாகி ஸ்னைப்பர்ஸ் என்ற அணி கட்டப்பட்டது. மத்தாகி என்பது அந்த மலைகளில் பனிக்காலத்தில் கரடி வேட்டையாடிய பழைய வேட்டைக்காரர்களின் பெயர். கிழவர்கள் தங்களுக்குப் பெயர் தேடும்போது போர்வீரனிடம் போகவில்லை, காத்திருக்கத் தெரிந்த வேட்டைக்காரனிடம் போயிருக்கிறார்கள். ஸ்வீடனில் சில்வர் ஸ்னைப்பர்ஸ் என்று இன்னொரு முதியோர் அணி கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடியது. இவற்றின் பின்னால் விளம்பர நோக்கம் உண்டு, கணினிக் கம்பெனிக்காரன் சும்மா காசு கொடுப்பதில்லை. ஆனாலும் இடம் உண்டாக்கப்பட்டது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது டென்மார்க்கின் ஃபின் ஆண்டர்சன், ஆட்டப்பெயர் காரிகன். 2022 மே மாதம் ஆன்ட்வெர்ப்பில் நடந்த கவுன்டர் ஸ்ட்ரைக் மேஜர் போட்டியை அவர் தலைமையில் ஃபேஸ் அணி வென்றபோது அவருக்கு வயசு 32. கொலைக்கணக்கில் தன் அணியில் பல நாள் கடைசியில் நிற்கிறவர். அவர் வேலை சொல்வது. யார் எங்கே போவது, எப்போது. வெண்பாமாலைக்காரர் இருந்திருந்தால் அவருக்குப் புலனறி சிறப்பில் மாடு மிகுத்துக் கொடுத்திருப்பார்.

எங்கள் ஊர்த் திரையில் அந்தக் கட்டம் இல்லை. ஆட்டம் முடிந்ததும் வருகிற பட்டியலில் கொன்றது, காயப்படுத்தியது, உயிரோடு இருந்த நிமிஷம் எல்லாம் எண்ணாக வரும். 'வலதுபக்கம் தோப்புக்குள்ள ரெண்டுபேர், காலடி கேக்குது' என்று சரியான நேரத்தில் சொன்னதற்கு எண் கிடையாது. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினதற்குக் கிடையாது. வேய் உண்டு, வேய்க்குப் பங்கு இல்லை. பெண்கள் இந்தக் கட்டுரையின் பின்பாதியில் வராததைக் கவனித்திருப்பீர்கள். முப்பத்தைந்து வயசுப் பெண்ணுக்கு ராத்திரி பத்து மணிக்குக் கைபேசியும் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறையும் இருக்கிற வீடு எங்கள் தெருவில் எத்தனை என்று எண்ணினால் காரணம் தெரியும். விரிச்சி கேட்க நின்ற முதுபெண்டிரை எந்த ஆட்டமும் இன்னும் அழைக்கவில்லை.

இருந்தும், எண்ணுக்கு வெளியே ஒரு பாதீடு நடந்துகொண்டுதான் இருக்கிறது. நாலு பேர் கொண்ட ஸ்குவாடில் இரண்டு பையன்கள், இரண்டு பெரியவர்கள் என்று சேர்கிறார்கள். அண்ணன், சித்தப்பு, மாமா என்று முறைசொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், கோபம் வந்தால் 'யோவ் பெருசு'. பாராசூட்டில் எங்கே குதிப்பது என்பதைச் சொல்வது பெரியவர். வீட்டுக்குள் முதலில் நுழைவது பையன். விழுந்துகிடக்கிற பெட்டியைச் சுற்றி நின்று வாயாலேயே பங்கு பிரிக்கிறார்கள்: லெவல் மூணு ஹெல்மெட் முன்னால் போகிறவனுக்கு, கிரனேடு இவனுக்கு, பேண்டேஜ் எல்லாம் அவனுக்கு. எட்டு எக்ஸ் ஸ்கோப் கிடைத்தால் பையன்கள் கேட்காமலேயே கீழே போட்டுவிடுகிறார்கள். "சித்தப்பு எடுத்துக்கட்டும், மலைமேல படுத்துக்கிட்டு எங்களுக்குப் பாத்துச் சொல்லுவாப்ல."